முகம் கழுவிய தண்ணீர்

எங்காரே ஊழிய நிலையம்
12 பெப்ரவரி 1984

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவள் என் மகள் நசேரியன். முதலில் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வை. பிறகு என்னைத் திட்டு.

இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள், உன்னைக் கேட்காமலே பிள்ளையை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். கேட்டிருந்தால் பதில் எழுத நீ ஒரு மாதம் யோசித்திருப்பாய். இங்கே அவ்வளவு நாள் இல்லை. போன வருஷ மழை வரவேயில்லை. மாசாய்க்காரர்களின் மாடுகள் நின்ற இடத்திலேயே விழுகின்றன. பால் குடித்து வாழும் ஊரில் பால் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார். நசேரியனுக்கு மூன்று தடவை காய்ச்சல் வந்து போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார், விறகுக் குச்சி மாதிரி இருக்கும்.

நானும் கூட வந்திருக்கலாம். ஆனால் காலையில் மரத்தடியில் நாற்பது பிள்ளைகள் எழுத்துப் படிக்க வருகின்றன. மத்தியானம் கண் நோய்க்காரர்கள் மருந்துக்கு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நோலாரி என்று இங்கே எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவள் மருமகளுக்கு எந்த நேரமும் பிரசவம் ஆகலாம். விட்டுவிட்டு எப்படி வருவேன்? உன் முகத்தில் விழிக்கப் பயம் என்பதும் உண்மைதான். மறைக்கவில்லை.

மழை வந்ததும் கூட்டிக்கொள்கிறேன். அதுவரைக்கும்தான். அவளுக்கு வெங்காயம் பிடிக்காது. படுக்கும்போது

லாரிக்காரர் சக்கரியா ஹாரன் அடிக்கிறார். மீதியை அவளே சொல்வாள்.

அனாயேலி


மாம்பா, மலை
28 பெப்ரவரி 1984

அனாயேலிக்கு,

பிள்ளை வந்து சேர்ந்தாள். தலை நிறையப் பேன். மூன்று நாள் தூங்கினாள், நான்காம் நாள் ஒரு சட்டி வாழைக்காய்க் கூழைத் தனியாகக் காலி செய்தாள். வெங்காயம் போட்டுத்தான் சமைத்தேன். பேசாமல் தின்றாள்.

இவள் என்ன பிள்ளை? பேச்சே இல்லை. நம் பாஷையில் கேட்டால் மாசாயில் பதில் சொல்கிறாள். பெயரும் மாசாய்ப் பெயர். நம் அப்பா பக்கத்தில் வைக்கப் பெயரே இல்லாமலா போயிற்று? முகம் கழுவின தண்ணீரைக் கீழே கொட்ட மாட்டேன் என்கிறாள். வாசலில் வாய்க்கால் வருஷம் முழுக்க ஓடுகிறது. "கொட்டுடி, நாளைக்கும் வரும்"னு சொன்னால் என்னை ஒரு திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். தட்டு கழுவின தண்ணீர், கால் கழுவின தண்ணீர், எல்லாவற்றையும் ஒரு தகரத்தில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகிறாள். போகட்டும்.

நீ எழுதினதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மறந்துவிட்டாயா, எழுதக் கை வரவில்லையா?

உன் புருஷன் ஆனந்துமி ஊழியத்துக்குப் பிரதிஷ்டை ஆன புதிதில், இரண்டு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு ஊரே மலையேறி வந்திருந்த வேளையில், கத்தியை எடுத்துக்கொண்டு போய் வேலி மூலையில் நின்ற இசாலேச் செடியை அடியோடு வெட்டினாரே, அதைத்தான் சொல்கிறேன். அப்பாவைப் புதைத்த இடத்துக்கு அடையாளம் அதுதான். நம் ஆட்களில் எவ்வளவு பெரிய பகையாக இருந்தாலும் அந்தச் செடியின் இலையை முடிந்து கையில் கொடுத்தால் வாங்கினவன் மன்னித்துத்தான் ஆகவேண்டும். அதற்குமேல் பேச்சே கிடையாது. அவர் என்ன சொன்னார்? "பாவத்தை மன்னிக்க ரத்தம் இருக்கு, தழை எதுக்கு?" ஊருக்கு முன்னால் சொன்னார். நீ பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டாய்.

நான் அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆனந்துமி தன் கையால் ஒரு இலையைக் கொண்டுவந்து தரட்டும். அதுவரை இந்த வேலிக்குள் உங்கள் இரண்டு பேருக்கும் இடமில்லை. பிள்ளை வேறு. அவள் இருக்கலாம்.

ஐகாண்டே


எங்காரே
25 மார்ச் 1984

அக்கா,

ஒரு சட்டி கூழா! அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மீதியைப் பிறகுதான் படித்தேன்.

அவரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "கிறிஸ்துவோட ரத்தம் போதாதுன்னு நான் ஒரு செடிகிட்ட போய் ஒத்துக்கணுமா, அனா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தலை குனிந்தேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான், குனிந்தேன். இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிற மாதிரிதான் இருக்கிறது.

இங்கே ஒரே காற்று. காலையில் பெருக்கினால் மத்தியானத்துக்குள் வீடு மறுபடியும் மண். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. லாரி வரும் பாதையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்க்கிறேன். லாரி மாதம் இரண்டு தடவைதான் வரும் என்பது எனக்குத் தெரியாதா?

சபை தோண்டிக் கொடுத்த கைப்பம்பில்தான் இப்போது சுற்று வட்டாரத்துக்கே தண்ணீர். அதற்கு அவர் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்களுக்கு முதல் வரிசை, மற்றவர்கள் பிறகு என்று சட்டம். போன ஞாயிறு எழுபது பேர் வந்தார்கள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, பேராயருக்குக் கடிதம்கூட எழுதிவிட்டார். எழுபது பேரும் தகர டின்னோடு வந்து உட்கார்ந்திருந்ததை எழுதினாரா என்று கேட்டேன். அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார்.

நோலாரியின் மருமகளுக்கு ஆண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம்.

நசேரியன் என்னைக் கேட்கிறாளா? அதை மட்டும் எழுது. சும்மா "கேட்கிறாள்" என்று ஒரு வார்த்தை போதும்.

அனாயேலி


மாம்பா
6 மே 1984

அனாயேலிக்கு,

கேட்கவில்லை.

உண்மையைத்தானே எழுதச் சொன்னாய்? பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன், வாசிப்பில் அவள்தான் முதல். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. கோயிலில் பாட்டுக்குழுவிலும் சேர்ந்துவிட்டாள், வாய் திறப்பது அங்கே மட்டும்தான். என் பையன்கள் இரண்டு பேரும் தாருஸ்ஸலாமிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் அப்பா போனபிறகு இந்த வீட்டில் தினமும் இரண்டாவது தட்டு வைப்பது இப்போதுதான்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். பிள்ளை இங்கேயே இருக்கட்டும். மழை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நீங்கள் இரண்டு பேரும் ஊரார் பிள்ளைகளுக்காக உங்களை ஒப்புக்கொடுத்துவிட்டீர்கள். உங்கள் விருப்பம், நான் தடுக்கவில்லை. ஆனால் அவள் ஒப்புக்கொடுக்கவில்லையே? அவளைக் கேட்டா அந்தப் புழுதிக்குக் கூட்டிப்போனீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நிதானமாகத்தான் இருக்கிறேன்.

ஐகாண்டே


எங்காரே
2 ஜூலை 1984

அக்கா,

நான் வந்து போய்ப் பத்து நாள் ஆகிறது. ஒன்றும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

லாரியில் ஒன்றரை நாள். சாலையிலிருந்து உன் வேலிவரை ஏற்றத்தில் நடை. சமவெளியில் இருந்து இருந்து மலை ஏறுவது மறந்துபோய்விட்டது, நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். செடி இருந்த அந்த இடைவெளியில் நீ நின்றுகொண்டாய். கையை இரண்டு பக்கமும் நீட்டாததுதான் குறை. "உள்ள வா"ன்னு ஒரு வார்த்தை வரவில்லை.

"இலை எங்க?"

"அக்கா, பிள்ளையைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"அவ இல்ல. பாட்டுக்குழுவோட கீழ ஊருக்குப் போயிருக்கா. ரெண்டு நாள் ஆகும்."

சரி என்று திரும்பினேன். திரும்பும்போதுதான் கொடியில் அவள் நீலச் சட்டையைப் பார்த்தேன். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கிருந்து அவள் போட்டுக்கொண்டு வந்ததே அது ஒன்றுதான். பாட்டுக்குழுவோடு போனவள் எதைப் போட்டுக்கொண்டு போனாள், அக்கா?

கேட்டிருக்க வேண்டும். உன்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடியிருக்க வேண்டும். அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் இறங்கினேன். பக்கத்து வீட்டு வேலியில் இசாலே வரிசையாக நின்றது. ஒன்றைக் கிள்ளிக்கொண்டு திரும்பி வரலாமா என்று நினைத்தேன். ஆனால் வெட்டினவர் கையிலிருந்து வராத இலைக்கு நீ மசியமாட்டாய்.

சொல்லிவிடு, அவள் வீட்டில்தானே இருந்தாள்?

அனாயேலி


மாம்பா
20 ஜூலை 1984

அனாயேலிக்கு,

பாட்டுக்குழுவுக்குத்தான் போயிருந்தாள். சட்டை இரண்டு இருக்கிறது. ஒன்று நான் தைத்துக் கொடுத்தது.

காப்பி பறிக்கும் நேரம். எழுதப் பொழுதில்லை.

ஐகாண்டே


எங்காரே
8 அக்டோபர் 1984

அக்கா,

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. வேறு யாருக்கும் முழுசாகப் புரியாது.

நோலாரி ஒரு திங்கட்கிழமை தன் மாடுகளோடு பம்புக்கு வந்தாள். ஞாயிறு அவள் ஆராதனைக்கு வரவில்லை. அவர் பூட்டைத் திறக்கவில்லை. "வரிசை முடியட்டும்" என்றார். வெயிலில் மாடுகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அவள் குனிந்து புல்லைப் பிடுங்கி, கையில் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். இங்கே அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அடிக்க ஓங்கின கைகூட அந்தப் புல்லைப் பார்த்தால் இறங்கிவிடும். அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "இந்த அஞ்ஞானமெல்லாம் என்கிட்ட வேணாம்மா" என்று அவள் கையைத் தட்டிவிட்டார். புல் கீழே விழுந்தது.

யாரும் சத்தம் போடவில்லை, அக்கா. வரிசையில் நின்றவர்கள்கூட டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு மணி நேரம் நடந்து ஒரு சேற்றுக்குட்டைக்கு. போகும் வழியில் நோலாரியின் சினைப்பசு விழுந்து செத்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் நானும் ஒரு நாயும்தான். அதற்கடுத்த ஞாயிறு நாயும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவர் வேதப்புத்தகத்தைத் திறந்தார், மூடினார். "அனா, அந்தப் புல்லை நான் தட்டிவிட்டப்போ நீ என்ன நினைச்ச?" என்று கேட்டார்.

நான் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. "அப்பாவோட செடியை நினைச்சேன்"னு சொன்னேன். "அதே கத்திதான், அதே கைதான்"னு சொன்னேன். இரண்டு வருஷமாகச் சொல்லாததெல்லாம் சொன்னேன். பிள்ளை இந்த வீட்டில் இல்லாததற்கும் அந்தக் கைதான் காரணம் என்றேன். அவர் அழுதார். நான் தேற்றப் போகவில்லை.

மறுநாள் பூட்டை எடுத்துக் கிடங்கில் போட்டார். பிறகு புல் தேடக் கிளம்பினார். காய்ந்த புல் செல்லாது, பச்சையாக இருக்கவேண்டும். இந்தப் பஞ்சத்தில் பச்சைக்கு எங்கே போவது? ஒரு நாள் நடந்து சதுப்பு ஓரத்தில் ஒரு கட்டு அறுத்து, ஆராதனை அங்கியை நனைத்து அதில் சுற்றிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் ஆடுகள் அவர் பின்னாலேயே! எட்டு மாதமாகப் பச்சையைப் பார்க்காத ஆடுகள் விடுமா? "போ சாத்தானே"ன்னு கத்திக்கொண்டே சுவிசேஷகர் ஓடி வந்ததை ஊரே பார்த்தது. அங்கியில் பாதி போயிற்று. நோலாரி வாசலுக்கு வந்தபோது கையில் மூன்றே மூன்று புல்.

அவள் அவரை நிற்க வைத்தாள். நன்றாக நிற்க வைத்தாள். கடைசியில் புல்லை வாங்கிக்கொண்டு அவர் முகத்தில் துப்பினாள். பயப்படாதே, இங்கே அது ஆசீர்வாதம். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மூன்றில் ஒன்றை அவள் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "உன் அக்காவுக்கு அனுப்பு"ன்னு சொன்னாள். இதற்குள் வைத்திருக்கிறேன். அவர் இலை கொண்டுவருவார், நிச்சயம் வருவார். "எந்த முகத்தோட போவேன், நான் வெட்டினதுதானே அந்த இலை?" என்று தயங்கிக்கொண்டே இருக்கிறார். அதுவரை இந்தப் புல். உன்னிடம் வந்து சேரும்போது காய்ந்திருக்கும், தெரியும்.

நசேரியன் என்னைக் கேட்கிறாளா என்று இனி நான் கேட்கமாட்டேன். நான் அவளைக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்.

அனாயேலி


மாம்பா
4 நவம்பர் 1984

அனா,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவள் உன் மகள் நசேரியன்.

சட்டை ஒன்றுதான், அனா. நான் தைத்துக் கொடுத்தது அதற்குப் பிறகு, பொய்யை மெய்யாக்க. நீ வந்த அன்று அவள் என் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் கன்றுக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ ஏற்றத்தில் வருவது தெரிந்ததும் நான்தான் போய் வாயில் விரல் வைத்து, "சத்தம் போட்டா அம்மா உன்னைத் திரும்பக் காய்ச்சல் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவா"ன்னு சொன்னேன். அவள் உன் குரலைக் கேட்டாள். பெரியவர்கள் சொன்னதால் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடும் வாயைத் திறக்கவில்லை. பாட்டுக்குழுவையும் விட்டுவிட்டாள். உன் கடிதங்களை அவளிடம் காட்டினதும் இல்லை. உன்னைக் கேட்கவில்லை என்று எழுதினேனே, முதல் மாதம் தினமும் கேட்டாள். நீ எழுதவே இல்லை என்று சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

வீட்டில் இன்னொரு தட்டு கழுவும் சத்தம் கேட்கவேண்டும் என்ற ஆசைக்கு இவ்வளவும் செய்தேன்.

சக்கரியா உன் கடைசிக் கடிதத்தைப் பள்ளிக்கூடப் பாதையில் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவளே பிரித்து அவளே படித்திருக்கிறாள். அடுப்படியில் வந்து நின்று மூடின கையை என் முன்னால் நீட்டினாள். திறந்தால் அந்தப் புல்.

"பெரியம்மா, இதைக் குடுத்தா கோவிச்சுக்கக் கூடாது."

"காஞ்சிருக்கேடி"ன்னு சொன்னேன். பழைய பிடிவாதம், வேறென்ன.

"தண்ணில நனைச்சிருக்கேன்"னு சொன்னாள்.

உட்கார்ந்துவிட்டேன், அனா. குற்றம் செய்தது நான், கையை நீட்டிக்கொண்டு நிற்பது அவள். அப்புறம் என் கையைப் பிடித்து வேலி மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீ வந்த அன்றுகூட நான் வெளியே பார்த்துத்தான் நின்றேன். செடியை வெட்டின நாளிலிருந்து அந்த இடத்தை நான் குனிந்து பார்த்ததே இல்லை. முகம் கழுவின தண்ணீர், தட்டு கழுவின தண்ணீர், எட்டு மாதமாக எல்லாவற்றையும் தகரத்தில் தூக்கிக்கொண்டு போய் அவள் கொட்டின இடம் அதுதான். "குட்டைக் கட்டை ஒண்ணு தாகமா நின்னுச்சு, பெரியம்மா." அது என்ன செடி, எதற்கான இலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கட்டையிலிருந்து நாலு தளிர். ஒன்றில் ஒரு சாண் நீள இலை.

அந்த இலையைத்தான் முடிந்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். இது உன் புருஷன் தரவேண்டிய இலைக்குப் பதில் இல்லை. நான் உனக்குக் கொடுப்பது. வாங்கினவள் மறுக்க முடியாது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் பயமாக இருக்கிறது. அவருக்கு ஒரு தளிரை விட்டு வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் ஏறி வாருங்கள், அவர் அதை அப்பா தலைமாட்டில் தன் கையால் நடட்டும். அந்த இடைவெளியில் நான் நிற்கமாட்டேன்.

மேகம் உங்கள் பக்கம் இறங்குவது இரண்டு நாளாகத் தெரிகிறது. அவளுக்கு வெங்காயம் பிடிக்காது என்பதை இப்போது நானும் ஒத்துக்கொள்கிறேன். லாரியில் ஆடு ஏற்றியிருந்தால் முன்பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வை. பிறகு என்னைத் திட்டு.

அக்கா